பல் செய்கிறவளின் பைக்

என் மனைவி பல் செய்கிறவள். பல் பிடுங்குகிற டாக்டர் வேறு. பிடுங்கிய இடத்தில் வைக்கப் புதுப் பல் செய்து அனுப்புகிற லேப் வேறு. அந்த லேப்பில் அவளுக்கு இது பதினேழாவது வருடம். இந்த நாட்டுக்கு முதலில் வந்தவளும் அவள்தான். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து, அவள் பிரசவத்துக்கு ஊருக்கு வந்து திரும்பியபோது, நானும் கைக்குழந்தையாக இருந்த மகளும் வந்து சேர்ந்தோம். நான் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றுதான் மூன்று வருடமாகச் சொல்ல முடியவில்லை. காரணம் அந்த மோட்டார் சைக்கிள்.

அவளோடு நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போனால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால் அவள் திருப்பிச் சிரிக்கமாட்டாள். அவர்கள் முன்பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள். “மேல் வரிசையில இடது பக்கம் ரெண்டாவது கட்டுன பல்லு. நிறம் ஒரு படி கம்மி” என்று திரும்பி வரும் வழியில் சொல்வாள். ஒரு பல்லுக்குள் நாலு விதமான வெள்ளை இருக்கிறதாம். நுனியில் லேசாக நீலம் ஓடும், ஈறுப் பக்கம் மஞ்சள் ஏறும். பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் வைத்து, சூளையில் சுட்டு, மறுபடி வைத்து, மறுபடி சுட்டு அந்த நாலு வெள்ளையையும் கொண்டுவருவாள். மற்றவர்கள் ஒரு தடவையில் முடிக்கிற பல்லை அவள் மூன்று தடவை சுடுவாள். கோபம் வந்தால் கத்துகிற வழக்கம் கிடையாது. பாத்திரம் கழுவுவாள். கழுவிய பாத்திரத்தையே இன்னொரு முறை கழுவுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் லேப்பின் தலைமை டெக்னீஷியன் வேலையை விட்டுப் போனார். அந்த இடம் இவளுக்குத்தான் என்று லேப்பில் டீ கொண்டுவருகிறவர்வரை எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அது மெழுகுக்குப் போனது. மெழுகு என்பது அவள் வைத்த பட்டப்பெயர். இவளுக்கு நாலு வருடம் பின்னால் சேர்ந்தவர், எங்கள் மொழிக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் மேனேஜர் கொஞ்சம் சூடாகப் பேசினாலே உருகி ஓடிவிடுவார். பீங்கானில் நீலம் கலப்பது எப்படி என்று அவருக்குக் காட்டிக் கொடுத்ததே இவள்தான். மேனேஜர் இவளைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் மேசையில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும், உங்களை எழுப்பி மீட்டிங்குக்கு அனுப்பினால் லேப் என்ன ஆவது என்று கேட்டாராம். பாராட்டுகிற மாதிரியே சொன்னாராம்.

“நல்லா வேலை செஞ்சா அங்கயே உக்காந்திருக்கணும். சுமாரா செஞ்சா எழுந்து போகலாம். இது எனக்கு முன்னாடியே தெரியாமப் போச்சே” என்றாள் வீட்டுக்கு வந்து. சிங்க்கில் பாத்திரம் எதுவும் இல்லை. அதனால் பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, குப்பையில் போட்டு வருகிறேன் என்று கீழ்த்தளத்துக்குப் போனாள்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. “கீழ வாங்க. ஒரு கை பிடிக்கணும்.”

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் வண்டி நிறுத்துகிற இடம். வீட்டுக்கு ஒரு கட்டம் கோடு போட்டு, எண் எழுதி வைத்திருப்பார்கள். எங்களிடம் கார் இல்லாததால் எங்கள் கட்டம் எப்போதும் காலி. நான் போனபோது அவளும் கட்டடத்துக் காவல்காரரும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பில் எந்நேரமும் பெரிய சாவிக்கொத்து தொங்குவதால் அவரை நாங்கள் சாவி அண்ணன் என்போம். முதல் மாடியில் குடியிருந்த ஒருவர் வீட்டைக் காலிசெய்து போகும்போது அந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டாராம். ஆறு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. என் வயதைவிட அதற்கு வயது அதிகம் இருக்கும். டயர் வெடித்துக் காய்ந்து, டேங்க்கில் துரு செதில் செதிலாக உரிந்து, சீட்டுக்குள்ளிருந்து பஞ்சு தள்ளிக்கொண்டு நின்றது.

“காலையில பழைய இரும்பு லாரி வருது சார். அம்மா வேணாங்கறாங்க” என்றார் சாவி அண்ணன்.

“வேணாம்னு சொல்லல. எனக்கு வேணும்னு சொன்னேன்” என்றாள் இவள்.

“உனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!”

“செய்யுற பல்லை எல்லாம் நானா மாட்டிக்கறேன்? தள்ளுங்க.”

தள்ளினோம். பின்சக்கரம் சுற்றவில்லை. இழுத்து இழுத்து எங்கள் கட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்தில் ஆசை அடங்கிவிடும், நானே லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். என் கணக்கு அதோடு தப்ப ஆரம்பித்தது.

முதல் தகராறு ஸ்பானரில். கிடங்கிலிருந்து நான் கொண்டுவந்த ஸ்பானர் ஒன்றுகூட அந்த வண்டியின் நட்டில் உட்காரவில்லை. ஒன்று தொளதொளவென்று ஆடும், அடுத்தது நுழையவே நுழையாது. அது இஞ்ச் காலத்து வண்டி, மில்லிமீட்டர் உதவாது என்று படித்துச் சொன்னாள். அவள் பிறந்தநாளுக்கு ஒரு இஞ்ச் ஸ்பானர் செட் வாங்கிக் கொடுத்தேன். புடவை வாங்கிக் கொடுத்தபோதுகூட அவ்வளவு ஆசையாகப் பிரித்ததில்லை. கீழே போனவள் உர்ரென்று திரும்பி வந்தாள். இஞ்சிலேயே இரண்டு வகை இருக்கிறதாம். நான் வாங்கியது இன்னொரு வகை.

சரியான ஸ்பானர் வந்த பிறகு, அந்த வண்டியை அதுவரை தொட்டவர்கள் செய்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பல்லைக் காட்டியது. ஒரு போல்ட்டின் தலையை யாரோ சுத்தியலால் அடித்து வட்டமாக்கியிருந்தார்கள். இன்னொன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். காற்று வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலுறை திணித்திருந்தது. “யாரு வீட்டு சாக்ஸோ” என்று அதை இடுக்கியால் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. லேப்பில் வேறு யாராவது செய்து கெடுத்த பல்லைச் சரிசெய்யக் கொடுத்தால் எப்படி முகம் போகுமோ அப்படிப் போயிருந்தது.

பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். தினமும் வேலை முடிந்து வந்து கைப்பையை வைக்கக்கூட மேலே வராமல், அந்தப் பையோடேயே உட்கார்ந்து ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டிப் பார்ப்பாள். இருபத்து மூன்றாம் நாள் அது ஒரு நூல் நகர்ந்தது. அன்றைக்கு மேலே வந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் பிஸ்டனை வெளியே எடுத்தாள். சிலிண்டரின் உள்சுவர் முழுக்கக் கீறல். இருபத்து மூன்று நாள் உழைத்ததில் தெரிந்துகொண்டது, சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கி, அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்பதுதான்.

அந்த மாடல் பிஸ்டன் நாங்கள் இருக்கிற நாட்டில் கிடைக்காது. கடல் தாண்டி இன்னொரு நாட்டில் பழைய வண்டிகளின் உதிரி பாகம் மட்டும் விற்கிற ஒருவரிடம் எழுதிக் கேட்டாள். பார்சல் வர ஏழு வாரம். வந்தது. பிஸ்டன் சரி, அதோடு வந்த ரிங்குகள் வேறு வண்டிக்கு உரியவை. திருப்பி எழுதினாள். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. இன்னொரு ஏழு வாரம். ரிங்கு சரி, மூன்றில் ஒன்று வழியிலேயே உடைந்திருந்தது. மறுபடி வருந்தினார்கள். மூன்றாவது பார்சல் முகவரியில் வீட்டு எண் விட்டுப்போனதால் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

“வருத்தப்படுற நேரத்துல ஒரு ரிங்கை ஒழுங்கா சுத்தி அனுப்பலாம்ல” என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள். அன்று இரண்டு முறை பாத்திரம் கழுவினாள்.

இதற்கிடையில் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வண்டி நிறுத்துகிற இடத்தில் பழுது பார்க்கக் கூடாது, தரையில் எண்ணெய் சிந்தக் கூடாது. பேர் போடவில்லை. ஆனால் லிஃப்டில் ஏறுகிற எல்லாரும் நோட்டீஸைப் படித்துவிட்டு எங்களைத்தான் பார்த்தார்கள். சாவி அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “சார், எனக்கு மேல இருக்கறவங்க என் தலையை உருட்டுறாங்க. வண்டி நிக்கட்டும், வேலை மட்டும் வேணாம்” என்றார். அதனால் வேலை வீட்டுக்கு வந்தது. இஞ்சினைக் கழற்றி, கிடங்கில் சாமான் இழுக்கிற தள்ளுவண்டியில் ஏற்றி, பழைய போர்வையால் மூடி, நோயாளியைக் கொண்டுவருகிற மாதிரி லிஃப்டில் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தோம். பால்கனியில் வைக்க இடமில்லை. ஹாலில் சோஃபாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“இது என்னம்மா?”

“இஞ்சின்.”

“அது தெரியுது. ஏன் டீவிக்கு முன்னாடி இருக்கு?”

“வெளிச்சம் இங்கதான் வருது.”

“என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கெல்லாம் போனா மீன் தொட்டி இருக்கும்மா. நான் யாரையாச்சும் கூட்டிட்டு வந்தா என்னன்னு சொல்றது?”

“மீன் இல்லாத தொட்டின்னு சொல்லு” என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள். தாயும் மகளும் ஒத்துப்போனது அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

வீடே கிரீஸ் வாடை. சோற்றில் அந்த வாடை, தலையணையில் அந்த வாடை. அவள் நகக்கண்ணில் கறுப்பு ஏறிவிட்டது. பல் லேப்பில் வெள்ளைப் பீங்கானைத் தொடுகிற கை. காலையில் எலுமிச்சை மூடியை வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிடுவாள். பஸ்ஸைத் தவறவிட்டதற்கு என் மேல் எரிந்து விழுவாள். நான் என்ன செய்தேன்? ஆனால் அதை வாய்விட்டுக் கேட்டால் அன்றைக்கு வேறு மாதிரி ஆகிவிடும்.

நாலாவது பார்சலில் ரிங்குகள் முழுசாக வந்தன. ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார்கள். கார்புரேட்டரைப் பல் சுத்தம் செய்கிற சின்னக் கருவிகளால் அவளே சுத்தம் செய்தாள். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் கிக்கரை உதைத்தால் இஞ்சின் சுற்ற மறுத்தது. திறந்து பார்த்தால், உதைக்கும்போது இஞ்சினைச் சுழற்றுகிற பல்சக்கரத்தில் அடுத்தடுத்து மூன்று பல் இல்லை. பார்சல்காரருக்கு எழுதினாள். அந்தச் சக்கரம் இப்போது யாரும் செய்வதில்லை, வருந்துகிறோம் என்று பதில்.

அந்தச் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை சாதம் போடட்டுமா என்று கேட்டேன்.

“பல்லுதானே போயிருக்கு” என்றாள்.

கழற்றி மாட்டுகிற பல் செட்டுக்கு அடியில் தகடு மாதிரி ஒரு உலோகம் இருக்கும். அதை லேப்பிலேயே உருக்கி வார்ப்பார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. வாயில் அளவெடுக்கிற ரப்பரால் சக்கரத்தின் நல்ல பல்லை அச்செடுத்து, இல்லாத மூன்றுக்கும் சேர்த்து முழுச் சக்கரத்தையும் மெழுகில் செய்தாள். வீட்டில், சோஃபாவுக்கும் இஞ்சினுக்கும் நடுவே உட்கார்ந்து, பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்பது நாள். பிறகு அதைச் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்து லேப்புக்குக் கொண்டுபோய், மதிய இடைவேளையில் மற்ற வார்ப்புகளோடு சூளைக்குள் வைத்துவிட்டாள். மெழுகு உருகிப் போன இடத்தில் உலோகம் நிறைந்து, மாலையில் பளபளவென்று ஒரு சக்கரம் வந்தது. மாட்டினாள். ஐந்தாவது உதையில் ஒரு பல் பட்டென்று போனது. உள்ளே ஊசி முனை அளவு காற்றுக் குமிழ்.

மறுபடி ஒன்பது நாள் மெழுகு. இரண்டாவது முறை சூளையைத் திறக்கும்போது பின்னால் மெழுகு நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, இது யாரு வாய்க்கு?” என்று கேட்டாராம்.

“என் வண்டி வாய்க்கு.”

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “அற்புதமா வந்திருக்கு” என்றாராம். அதற்கப்புறம் குரலை இறக்கி, “கேமரா இருக்குக்கா. மேனேஜர் பாத்துட்டார். நான் லெட்டர் கொடுக்காம இருந்தா அப்புறம் எனக்குக் கொடுப்பாங்க” என்றாராம். அன்று மாலை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். நிறுவனத்தின் உலோகத்தையும் சூளையையும் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியதற்காக. பதினைந்து வருட வேலையில் அவள் கோப்பில் ஏறிய முதல் கறை. கீழே கையெழுத்து மெழுகினுடையது.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடத்துக் கிரீஸ் வாடை என்னைப் பேச வைத்தது.

“இதுக்கு மேலயும் என்ன வேணும்? தூக்கிப் போட்டுரு. வேலைக்கே உலை வைக்குற சனியனை வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு…”

அவள் பாத்திரம் கழுவப் போகவில்லை. எதிரே உட்கார்ந்தாள்.

“இந்த ஊருல எத்தனை பேர் வாயில என் வேலை இருக்கு தெரியுமா? ஆயிரக்கணக்குல இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. தெரியக் கூடாது, தெரிஞ்சா அது கெட்ட வேலை. நான் நல்லா செஞ்சா நான் இல்லைன்னு ஆயிடுது. இது ஒண்ணாவது ரோட்டுல போகட்டும், நாலு பேர் திரும்பிப் பாக்கட்டும்னு நினைச்சேன். அது தப்பா?”

தப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்து போய், தரையில் விரித்திருந்த செய்தித்தாளை மாற்றினேன். அதுதான் என்னால் முடிந்தது.

இரண்டாவது சக்கரம் உடையாமல் நின்றது. ஒரு விடுமுறை நாள் முற்பகல், இஞ்சினைக் கீழே கொண்டுபோய் வண்டியில் பூட்டினோம். சாவி அண்ணன் கண்டும் காணாத மாதிரி வேறு பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தார். அவள் உதைத்தாள், நான் உதைத்தேன், மறுபடி அவள் உதைத்தாள். என் உள்ளங்காலில் தோல் உரிந்துவிட்டது. எத்தனையாவது உதையோ, அது பெரிதாக இருமியது, அடுத்ததில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கீழ்த்தளத்துச் சுவரில் மோதி நெஞ்சுக்குள் இறங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சைலன்சருக்குள் தேங்கியிருந்த பழைய எண்ணெய் எரிந்து, அதிலிருந்து வெள்ளைப் புகை பொங்கி, கூரையைத் தொட்டது. கூரையில் இருந்த தீ எச்சரிக்கை மணி அலறியது.

கட்டடமே இறங்கி வந்துவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு, அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டவர்கள் கரண்டியோடு. தீயணைப்பு வண்டியும் வந்தது. அவள் உழைப்பு முதல்முதலாக உயிர் பெற்ற நிமிடத்தில் நாங்கள் இருவரும் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். மகள் யாரோ ஒரு குடும்பத்தோடு சேர்ந்து நின்றுகொண்டாள், எங்களைத் தெரியாதவள் மாதிரி.

அடுத்தது பதிவு. எண் பலகை இல்லாமல் ரோட்டில் இறங்க முடியாது. கிடங்கு வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு பரிசோதனை அலுவலகத்துக்குப் போனோம். டேங்க்குக்குச் சாம்பல் நிறம் அடித்து, புது சீட் தைத்து, அவள் கைக்குட்டையால் கடைசிக் கைரேகையையும் துடைத்திருந்தாள். பரிசோதகர் விளக்கு, பிரேக், சத்தம் எல்லாம் பார்த்துத் தலையசைத்தார். பிறகு வண்டியின் எலும்புக்கூடான சேசிஸில் பொறித்திருந்த எண்ணைப் பார்க்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. லென்ஸ் கொண்டுவரச் சொன்னார். அப்புறம் அவளையே அழைத்து, நீங்களே பாருங்கள் என்று லென்ஸை நீட்டினார்.

அவள் பார்த்தாள். வருடக்கணக்காகப் பல் பார்க்கிற கண்.

“ஆறை எட்டாக்கியிருக்காங்க” என்றாள் என்னிடம். “பக்கத்துல இருக்கற மூணும் அப்படித்தான். இவ்வளவு மோசமாவா செய்வாங்க? நான் எப்படிப் பாக்காமப் போனேன்? பெயின்ட் அடிக்கிறப்போ தேய்ச்சு விட்டதே நான்தானே.”

எந்தக் காலத்திலோ, யாரிடமிருந்தோ திருடி, எண்ணை மாற்றி விற்ற வண்டி. சட்டப்படி சேசிஸை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். இஞ்சின் எண்ணில் குற்றமில்லை, அதையும் மற்ற பாகங்களையும் கழற்றி எடுத்துப் போகலாம், அலுவலகம் மூட இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றார்கள். அந்த முற்றத்திலேயே, ஒவ்வொரு நட்டாக இரண்டு வருடமாக முடுக்கியதை இரண்டு மணி நேரத்தில் கழற்றினாள். ஒரு நட்டு உருண்டு சாக்கடைக் கம்பி ஜாலிக்குள் விழுந்தது. எடுக்க முடியவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு இல்லை, எனக்கு. இரண்டு வருடம் அந்த வண்டியைத் திட்டித் தீர்த்தவன் நான். இப்போது அதற்காக வேலையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு சேசிஸைத் திரும்பக் கேட்டு அந்த அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். மூன்றாம் ஜன்னலுக்குப் போ என்றார்கள். மூன்றாம் ஜன்னலில், இது இரண்டாவது மாடி விவகாரம் என்றார்கள். இரண்டாவது மாடியில் ஒரு படிவம் கொடுத்து, முந்தைய சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சாவி அண்ணன் எப்படியோ அந்த முதல் மாடிக்காரரின் போன் எண்ணைத் தேடிக் கொடுத்தார். அந்த ஆள், நானும் ஒருவரிடம் வாங்கினேன், பேப்பர் எதுவும் இல்லை, தயவுசெய்து என்னை இழுக்காதீர்கள் என்று போனை வைத்துவிட்டார். ஐந்து முறை போனேன். ஆறாவது முறை போவதற்குள் கடிதம் வந்துவிட்டது: உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாததால் சேசிஸ் நசுக்கப்பட்டது.

“விடுங்க. நீங்க அலைஞ்சதே போதும்” என்றாள்.

“எப்படி விடறது? ரெண்டு வருஷம்!” என்று நான் கத்தினேன். மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இப்ப அப்பாவுக்கும் ஏறிருச்சா?” என்றாள்.

ஏறித்தான் இருந்தது. விடுமுறை நாள்தோறும் ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்குகளில் தேடினேன். கிடைத்தது எல்லாம் வளைந்தது, இல்லாவிட்டால் பேப்பர் இல்லாதது. ஐந்தாவது மாதம், பதிவுப் புத்தகத்தோடு ஒரு சேசிஸ் கிடைத்தது. லென்ஸோடு அவளைக் கூட்டிப்போய் முதலில் எண்ணைப் பார்க்க வைத்தேன். எண் சுத்தம். ஆனால் அது அடுத்த வருடத்து மாடல். இஞ்சினை வைத்துப் பார்த்தால் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் ஒரு விரல் இடைவெளி. ஒரே ஒரு விரல்! அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று பயந்தேன். பையிலிருந்து அட்டையையும் பென்சிலையும் எடுத்து இடைத்தகட்டுக்கு அளவெடுக்க ஆரம்பித்தாள்.

தகடு முதல் தடவை கோணலாக வந்தது. இரண்டாவது தடவை சரி. சங்கிலி நீளம் போதவில்லை. டேங்க் இடித்தது. எல்லாவற்றையும் சொல்லி உங்களைப் படுத்தவில்லை. இதற்கு நடுவில் அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, தேர்வில் இரண்டு முறை தோற்றாள். எட்டுப் போடும்போது இரண்டு தடவையும் காலை ஊன்றிவிட்டாளாம். மூன்றாவது முறை தேறினாள். இந்த வருடத் தொடக்கத்தில் எண் பலகை கிடைத்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது நினைத்தால், அவர்கள் பழைய வண்டி வைத்திருந்ததில்லை.

வேலைக்கு முதல்முதல் அதில் போன காலையில், நான் கிடங்கு வாசலை அடைவதற்குள் போன் வந்தது.

“நின்னுருச்சுங்க. லேப்புக்கு ரெண்டு சிக்னல் முன்னாடி.”

எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாள் கிடங்கில் கேட்டு வாங்கி வந்திருந்த வேனைத் திருப்பிக்கொண்டு போனேன். நடைபாதை ஓரத்தில் வண்டி, அதன் பக்கத்தில் வேலை உடுப்போடு முட்டி போட்டு அவள். கார்க்காரர்கள் ஜன்னலை இறக்கிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பெட்ரோல் குழாயில் துரு அடைத்திருந்தது. டேங்க்கை மூன்று முறை கழுவியும் உள்ளே எங்கேயோ மிச்சம் இருந்திருக்கிறது. அவள் கையெல்லாம் பெட்ரோல், நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு. மூக்கு நுனி சிவந்திருந்தது.

“வேன்ல ஏத்திரலாமா?”

“வேணாம்.”

“லேட் ஆகுமே. லேப்ல சொல்லிட்டியா?”

“மெழுகுக்குப் போன் பண்ணேன். பாத்து வாங்கக்கான்னான். என்னத்தப் பாக்கறது? நீங்க போங்க, உங்களுக்கும் லேட்டாகுது.”

போகச் சொன்னாள், போக மனமில்லை. எதிர்ப்பக்கம் வேனை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயைக் கழற்றி, வாயை வைத்து ஊதி, துப்பி, மறுபடி மாட்டினாள். உதைத்தாள். வரவில்லை. வண்டியைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. ஏழெட்டு உதைக்கு அப்புறம் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், கியரை மாற்ற மறந்து, இஞ்சின் கதறக் கதற முதல் கியரிலேயே சிக்னலைத் தாண்டினாள். நடைபாதையில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு நான் ஒன்றே கால் மணி நேரம் தாமதம். சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டி, என்ன ஆச்சு என்றார். மனைவியின் வண்டி நின்றுவிட்டது என்றேன். நல்லதாகப் புது வண்டி ஒன்று வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்றார். வாயைத் திறந்தால் மூன்று வருடத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். கீழே இரண்டு லாரிச் சரக்கு இறங்காமல் நின்றுகொண்டிருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினேன்.